எட்டு போட 300 ரூபாய்

1,150 ரூபாய். பைக்குக்கும் காருக்கும் வைத்திருந்த லைசென்ஸ் ரத்தாகி, மறுபடி முதலிலிருந்து வாங்குகிறவர் மத்திய அரசு விதிப்படி கட்டவேண்டியது இவ்வளவுதான். எல்.எல்.ஆர். வகைக்கு 150 வீதம் 300, எல்.எல்.ஆர். தேர்வுக்கு 50, ஓட்டிக்காட்டும் தேர்வுக்கு வகைக்கு 300 வீதம் 600, லைசென்ஸுக்கு 200. 2016 டிசம்பர் 29-இல் அறிவித்த கட்டணம் இது. அதற்கு முன் எட்டு போட 50 ரூபாய்தான். மாநிலத்தின் சேவைக் கட்டணமும் டிரைவிங் ஸ்கூல்காரர் வாங்குவதும் இதற்கு மேல்.

ஆனால் லைசென்ஸ் போவது எல்லோருக்கும் ஒரே இழப்பு அல்ல. அரக்கோணத்திலிருந்து சென்னை ரயிலில் 69 கிலோமீட்டர். தினமும் ரயிலேறிப் போய்வருகிற பாஸ்காரருக்கு லைசென்ஸ் போனாலும் சம்பளம் வந்துவிடும். ஜங்ஷன் வாசலில் ஆட்டோ போடுகிறவர், திருத்தணிக்கும் சோளிங்கருக்கும் பக்தர்களை ஏற்றும் வேன்காரர், லாரி டிரைவர் ஆகியோருக்கு அந்த அட்டைதான் சோறு. அதனால் செலவுக் கணக்கை அவர்கள் பக்கத்திலிருந்துதான் போட வேண்டும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். லைசென்ஸ் பறிபோன எல்லோரும் மறுபடி எட்டு போட வேண்டியதில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி, குடித்துவிட்டு ஓட்டுவது, அதிவேகம், ஆபத்தாக ஓட்டுவது, ஹெல்மெட் போடாதது, பைக்கில் மூன்று பேர் போவது, ஆம்புலன்ஸுக்கு வழிவிடாதது போன்ற குற்றங்களில் போலீஸ் லைசென்ஸைப் பிடித்து ஆர்.டி.ஓ.வுக்கு அனுப்பலாம். முதல் தடவை என்றால் 3 மாதம் தகுதிநீக்கம். இரண்டாம் தடவை என்றால் ரத்து. 3 மாதக்காரர் ஓட்டுநர் புத்தாக்கப் பயிற்சியை முடித்துக் காட்டினால்தான் அட்டை திரும்பக் கிடைக்கும் என்கிறது பிரிவு 19. தேர்வைப் பற்றி அங்கே பேச்சில்லை. ஹெல்மெட்டுக்கு 1,000 ரூபாய் அபராதத்தோடு 3 மாதத் தகுதிநீக்கமும் சட்டத்தில் இருக்கிறது. தெருவில் பெரும்பாலும் ஆயிரத்தோடு முடிந்துவிடுவதால் பலருக்கு அந்த இரண்டாம் பாதி தெரியாது.

மறுதேர்வு வருவது கோர்ட் வழியாக. ஆபத்தாக ஓட்டிய குற்றத்தில் தண்டனை தரும்போது, மறுபடி தேர்வு எழுதித் தேறும்வரை தகுதிநீக்கம் தொடரும் என்று நீதிபதி உத்தரவிடலாம். இது பிரிவு 20(4). முன்பு எத்தனை முறை தேறியிருந்தாலும் கணக்கில் வராது. இதே குற்றத்தில் ஏற்கெனவே தண்டனை பெற்றவர், மறுபடி அப்படி ஓட்டி உயிரிழப்புக்கோ கொடுங்காயத்துக்கோ காரணமானால் பிரிவு 22 வருகிறது. கோர்ட் லைசென்ஸை நிறுத்திவைத்தால், காலம் முடிந்தபின் புதிதாக ஓட்டிக்காட்டித் தேறி, மருத்துவச் சான்றும் கொடுத்தால்தான் அது கைக்கு வரும். குடித்துவிட்டு ஓட்டி இரண்டாம் முறை தண்டனை பெற்றால் நிறுத்திவைப்பு கிடையாது, நேரே ரத்து. அந்தக் குற்றத்துக்கு ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 30 மில்லிகிராம்தான் எல்லை. அபராதம் முதல் முறை 10,000 ரூபாய், மறுமுறை 15,000, ஜெயிலும் சேரலாம்.

மறுதேர்வு வருவதற்கு இன்னொரு பின்வாசலும் உண்டு. தடைக்காலத்துக்குள்ளேயே லைசென்ஸின் ஆயுள் முடிந்து, அதன்பின் ஓராண்டும் கடந்துவிட்டால், புதுப்பிக்கவே ஓட்டிக்காட்ட வேண்டும். 2019 வரை இந்தச் சலுகை ஐந்தாண்டாக இருந்தது. மூன்று மாதத் தடைக்காரருக்கு இதனால் தொல்லை குறைவு; வருடக்கணக்கில் தடை வாங்கியவர் தேதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அப்படி ஒரு நீண்ட தடை பக்கத்து மாவட்டத்திலேயே நடந்தது. பைக் வீடியோக்களால் பெயர்பெற்ற யூடியூபர் டி.டி.எஃப். வாசன், 2023 செப்டம்பர் 17 அன்று சென்னை–வேலூர் நெடுஞ்சாலையில் பாலுசெட்டிசத்திரம் அருகே விபத்துக்குள்ளானார். மறுமாதம் காஞ்சிபுரம் ஆர்.டி.ஓ. அவருக்கு 2033 அக்டோபர் வரை, அதாவது 10 ஆண்டுக்கு, ஓட்டுநர் தகுதி இல்லை என்று உத்தரவிட்டார். 3 மாதத்தோடு ஒப்பிட்டால் 40 மடங்கு.

இனி நாள் கணக்கு. ரத்தாகிப் புதிதாகத் தொடங்குகிறவர் எல்.எல்.ஆர். வாங்கி 30 நாள் காத்திருக்க வேண்டும். முதல் தேர்வில் தவறினால் 7 நாள் கழித்து அடுத்தது. அதிலும் தவறினால் இன்னொரு 7 நாள். மூன்று முறையும் போனால் 60 நாள் முடியாமல் கிட்டே வரக்கூடாது, நடுவில் திருத்தப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஆக, நாலாவது வாய்ப்பு குறைந்தது 104-ஆவது நாளில். எல்.எல்.ஆருக்கு ஆயுள் 6 மாதம். அதில் மீதி இரண்டரை மாதம்தான். பைக், கார் இரண்டிலும் நாலு முறை ஏறினால் தேர்வுக் கட்டணம் மட்டும் 2,400. மொத்தம் 2,950 ரூபாய் ஆகிறது. இவ்வளவு தோற்றவருக்கும் அரசாங்கம் வாங்குவது ஒரு நல்ல டயரின் விலைதான்.

வருமானம்தான் கையைக் கடிக்கும். நாளுக்கு 800 ரூபாய் சம்பாதிக்கும் வேன் டிரைவர் ஒருவரை வைத்துக்கொள்வோம். மாதம் 26 நாள் வேலை. 3 மாதத் தடை என்றால் 78 நாள், 62,400 ரூபாய். மேலே சொன்ன 1,150-ஐப் போல 54 மடங்கு. குடித்துவிட்டு ஓட்டியதற்கான 10,000 ரூபாய் அபராதமே அவர் இழக்கும் கூலியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அதே தண்டனை மாதச் சம்பளக்காரருக்கு வந்தால் மூன்று மாதம் பஸ் செலவு. ஒரே எண்ணிக்கையில் எழுதிய தண்டனை இரண்டு வீட்டில் இரண்டு எடையாக விழுகிறது. சட்டம் இதைக் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை என்பது என் குறை.

திருத்தணி தாண்டினால் நகரி, அது ஆந்திரா. அங்கே போய் ஒன்று வாங்கிவிடலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள். தகுதிநீக்கம் மாநில எல்லையோடு நிற்பதில்லை. தடையில் இருப்பவர் வண்டி ஓட்டினாலும் குற்றம், வேறிடத்தில் லைசென்ஸுக்கு மனுப் போட்டாலும் குற்றம். பிரிவு 182-இன்படி 3 மாதம்வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும். வாங்கிய லைசென்ஸும் செல்லாது.

ஓட்டிக்காட்டும் தேர்வு எதை அளக்கிறது என்பதுதான் எனக்குப் பெரிய கேள்வி. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் 1,19,904 பேர், அதாவது நூற்றுக்கு 71 பேர், அதிவேகத்தால் இறந்தார்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 64,105 விபத்து, 17,884 சாவு. விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். லைசென்ஸை இழந்தவரில் பலருக்கு எட்டு போடத் தெரியாமல் அது போகவில்லை. இருபது வருடம் லாரி ஓட்டியவர் மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் காலை ஊன்றாமல் எட்டு போட்டுவிடுவார், ரிவர்ஸும் எடுத்துவிடுவார். இரவு பதினொரு மணிக்குப் பாட்டில் திறந்தபின் அவர் என்ன செய்வார் என்பதை அந்த மைதானம் சொல்லாது. பயிற்சி வகுப்பில் அதைப் பேசவாவது இடமிருக்கிறது. சிங்கப்பூரில் ஓராண்டோ அதற்கு மேலோ தகுதிநீக்கம் செய்யப்பட்டால் பழைய லைசென்ஸ் செல்லாது; எல்லாத் தேர்வையும் மறுபடி எழுத வேண்டும். காலத்தை அளவுகோலாக வைத்திருப்பதால் அங்கே யாருக்கு மறுதேர்வு என்பதில் குழப்பம் இல்லை. நம் ஊரில் அதைத் தெரிந்துகொள்ளப் பிரிவு எண்ணைத் தேட வேண்டியிருக்கிறது.

ஆகவே உத்தரவு கைக்கு வந்ததும் பார்க்கவேண்டியவை: எந்தப் பிரிவு, யார் போட்டது, எந்தத் தேதி. ஆர்.டி.ஓ. போட்டிருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கட்டணம் 500 ரூபாய். காரணம் விளக்காமல் ஒரு வரியில் போட்ட உத்தரவு என்றால் அந்த 500 வீணாகாது, ஏனெனில் காரணம் எழுத வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தடை நீண்டதென்றால், உத்தரவுத் தேதியிலிருந்து 6 மாதம் கழித்து, அதை நீக்கும்படி போட்ட இடத்திலேயே மனுக் கொடுக்கலாம். மறுத்துவிட்டால் அடுத்த மனுவுக்கு 3 மாதம் பொறுக்க வேண்டும்.