உவர் வயலும் ஜிப்சமும்

2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கி மூதூர், கிண்ணியாக் கரையோரங்களிற் புகுந்தது. இவ்வாறு கடல்நீர் நின்ற வயலை மழையே கழுவிவிடுமென்று கமக்காரர் எண்ணுவதுண்டு. மணல் நிலத்திற்கு அது பெரும்பாலும் போதும், களிநிலத்திற்குப் போதாது. அங்கே உப்பிலுள்ள சோடியம் களியைப் பற்றிக்கொள்ளும். உப்புக் கழுவுண்டபின் அக்களி கலைந்து மண்ணின் துளைகளை அடைக்கும், நீர் கீழிறங்காது. சோடியத்தை அகற்றக் கல்சியம் வேண்டும். அதனைத் தருவது ஜிப்சம்.

ஜிப்சம் எளிதிற் கரைவதன்று. ஒரு லீற்றர் நன்னீரில் ஏறத்தாழ 2½ கிராமே கரையும். வியப்பு யாதெனில், கறியுப்புக் கலந்த நீரில் அது கூடுதலாகக் கரைகின்றது. நீரிற் கரைந்த உப்பு நேரேற்ற, எதிரேற்ற அயன்களாகப் பிரியும். ஒவ்வோர் அயனையும் மாறான ஏற்றமுடையவை சூழ்ந்துகொள்வதால் அது தன் முழு வலிமையுடன் தொழிற்படுவதில்லை. இக்குறைவைக் காட்டும் எண்ணே தொழிற்பாட்டுக் குணகம். லீற்றருக்கு 6 கிராம் கறியுப்புள்ள நீரில் அவ்வுப்பின் குணகம் சுமார் 0.78. டிபை, ஹூக்கெல் என்னும் அறிஞர் 1923 இல் இதற்குக் கணக்கு வகுத்தனர். இரட்டை ஏற்றமுடைய கல்சியமும் சல்பேற்றும் இன்னும் மிகுதியாக வலிமை குன்றும். ஆகவே மேலும் ஜிப்சம் கரைய இடமுண்டாகும்.

ஆதலின் களிவயலில் உவர் முற்றாக நீங்குமுன்னரே, பெரும்போக மழையை எதிர்நோக்கி ஜிப்சத்தை இட்டு உழுதல் நன்று. அளவை மண் பரிசோதனையால் அறிதல் வேண்டும். வடிவாய்க்கால் இல்லாத வயலில் இட்ட ஜிப்சம் வீணே.

மண்சாற்றின் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 3 டெசிசீமென்சைத் தாண்டினால் நெல் விளைச்சல் குறையும். போஞ்சிக்கோ 1 ஐத் தாண்டினாலே குறையும்.