கிரஹாம் என்ற பெயரைக் கப்பலேற்றிய கதை

ஆங்கிலக் குடும்பப் பெயர்களுக்குக் குணம் சொல்லி விற்கும் வியாபாரம் ஒன்று உண்டு. பெயரைக் கொடுத்தால், கேடயச் சின்னமும் 'வீரமும் விசுவாசமும் மிக்க பரம்பரை' என்ற வாசகமும் அச்சடித்த தேநீர்க் கோப்பை வந்துசேரும். இங்கிலாந்துச் சட்டப்படி அந்தச் சின்னம் ஒரு தனிநபருக்கும் அவரது வாரிசுகளுக்கும் மட்டுமே உரியது. பெயருக்கென்று சின்னம் கிடையாது. கிரஹாம் என்ற பெயரின் வரலாற்றை வாசித்திராவிட்டால் இதை விளையாட்டென்று நானும் விட்டிருப்பேன்.

அது ஊர்ப்பெயரில் பிறந்தது. லிங்கன்ஷயரில் மார்கரெட் தட்சர் பிறந்த கிரான்தம்தான் அந்த ஊர் என்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் ஒரு பிரபுவோடு பெயர் ஸ்கொட்லாந்துக்குப் போனது. ரோமர் கட்டிய மதிலை உடைத்த வீரனின் வழித்தோன்றல்கள் என்பது பின்னர் ஒட்டிய கதை.

16ஆம் நூற்றாண்டில் இவர்களில் ஒரு கிளை இரு நாட்டு எல்லையில், எஸ்க் ஆற்றங்கரையில் வாழ்ந்தது. படைகள் மாறி மாறி எரித்த மண்ணில் பயிரை நம்ப முடியாது. மாடு கவர்வது பிழைப்பானது. ஆம்ஸ்ட்ரோங், எலியட், நிக்சன் குடும்பங்களும் அதையே செய்தன. இரு அரசுகளும் தேவைப்பட்டபோது இவர்களைப் பயன்படுத்தின.

1603இல் ஸ்கொட்லாந்து மன்னர் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் மன்னரானார். எல்லைக்காரர்கள் வேண்டாதவர்களானார்கள். கிரஹாம் என்றாலே கள்வன் என்றாயிற்று. 1605இல் ஆண்கள் பலரை நெதர்லாந்திலிருந்த ஆங்கிலப் படைமுகாம்களுக்கு அனுப்பினார்கள். பலர் தப்பி வந்தார்கள். 1606இல் குடும்பம் குடும்பமாக அயர்லாந்தின் ரொஸ்கொமனுக்குக் கப்பலேற்றினார்கள். அதற்கான பணம் கம்பர்லாந்து அயலவர்களிடமே திரட்டப்பட்டது. சோதனைச்சாவடியில் அடையாள அட்டையை நீட்டிவிட்டு, பெயரை வாசித்து முடிக்கும்வரை மூச்சைப் பிடித்து நின்ற எங்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ரொஸ்கொமனில் அவர்கள் நிலைக்கவில்லை. சிலர் களவாக ஊர் திரும்பினார்கள். தண்டனைக்குப் பயந்து பெயரைத் தலைகீழாக்கி 'மஹார்க்' ஆனார்கள் என்றும் சொல்வார்கள். ஆங்கில எழுத்துகளைப் பின்னிருந்து வாசித்தால் அப்படித்தான் வரும். அது வேறொரு பழைய கேலிக் பெயர் என்ற விளக்கமும் உண்டு, எனக்கும் அதுவே பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் மக்கள் அந்தக் கதையை ஏன் விடவில்லை என்பது விளங்குகிறது.

பறித்த எஸ்க் நிலங்களை மன்னர் கம்பர்லாந்துப் பிரபுவுக்குக் கொடுத்தார். பின்னர் அவற்றை விலைக்கு வாங்கியவர் ரிச்சர்ட் கிரஹாம். அதே எல்லைக் கிளையில் பிறந்தவர், பக்கிங்ஹாம் பிரபுவிடம் குதிரைப் பொறுப்பாளராகச் சேர்ந்து முன்னேறியவர். 1629இல் அதே மன்னரின் மகன் அவருக்குப் பரம்பரைப் பட்டமும் கொடுத்தார்.