சுண்ணாம்பு தொட்ட மஞ்சள்

தாராசுரத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மாலை ஆறு மணிக்கு மேல் ஆளுக்கொரு செல்போன். பிடுங்கி வைத்தால் அழுகை. கலர் பெட்டி வாங்கிக் கொடுத்தாராம், இரண்டே நாளில் அது அலமாரிக்குப் போய்விட்டதாம். குடும்பத்தோடு உட்கார்ந்து செய்கிற மாதிரி சுலபமாக ஏதாவது படம் வரையும் வேலை சொல்ல முடியுமா என்று கேட்கிறார்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு என் தாத்தாவின் வெற்றிலைப் பெட்டிதான் நினைவுக்கு வந்தது. அதில் கொழுந்து வெற்றிலைக்கு ஓர் அறை, சீவலுக்கு ஓர் அறை, மூலையில் சுண்ணாம்பு வைக்கும் பித்தளைக் கரண்டகம். கிணற்றடியில் அப்பாயி மஞ்சள் இழைக்கும் கல் கிடக்கும். ஏழு வயதில் ஒருநாள் கரண்டகத்திலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பை ஈர்க்குச்சியில் தொட்டு, ஈரம் காயாத அந்தக் கல்லின் மேல் ஒரு கோடு இழுத்தேன். வெள்ளையைத் தொட்டு மஞ்சளில் இழுத்த கோடு ரத்தச் சிவப்பாக எழுந்து நின்றது. அப்பாயி திட்டவில்லை. "இன்னொண்ணு போடு, பாப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். எனக்குத் தெரிந்த முதல் ஓவிய வகுப்பு அதுதான்.

ஆரத்தி கரைக்கிற வீட்டில் பிறந்தவர்களுக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சிவக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டையில் சிந்திய சாம்பார்க் கறை, சோப்புப் போட்டதும் சிவந்துவிடுவதை எல்லாத் தாய்மாரும் பார்த்திருப்பார்கள். தெரிந்த இந்தச் சங்கதியைத்தான் தாளில் ஏற்றப் போகிறோம்.

சோறு வடித்த கஞ்சி ஒரு கிண்ணம் வேண்டும். குக்கர் வந்த பிறகு நெல் விளைகிற இந்தச் சீமையிலேயே கஞ்சி வடிக்கும் வீடு குறைந்துபோனது எனக்கு நெடுநாள் வருத்தம். இதற்காகவாவது ஒருநாள் பானையில் சோறு வடியுங்கள். மஞ்சள் தூள் தண்ணீரில் கரையாது, அடியில் தங்கிவிடும். கஞ்சியின் பசைதான் அதைப் பிடித்துத் தாளோடு ஒட்டவைக்கும். கஞ்சி ஆறியதும் இரண்டு தேக்கரண்டி மஞ்சள் தூள் போட்டுக் குழைத்து, கெட்டியான வெள்ளைத் தாளில் பழைய துணிப் பந்தால் பூசிக் காயவிடுங்கள். விசிறியடியில் வைத்தால் அரை மணியில் காய்ந்துவிடும். தூரிகை வாங்க வேண்டாம். தென்னை ஈர்க்குச்சியின் நுனியை அம்மியில் நசுக்கினால் நார் பிரிந்து நல்ல தூரிகையாகும்.

சுண்ணாம்பைப் பெரியவர்கள்தான் கையாள வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். வெற்றிலைக் கடையில் விற்கும் சுண்ணாம்புப் பொட்டலத்தைப் பிள்ளைகள் பிதுக்கி விளையாடி, அது கண்ணில் தெறித்துப் பார்வை கெட்ட சம்பவங்களைக் கண் மருத்துவர்கள் நிறையவே பதிவு செய்திருக்கிறார்கள். சுண்டைக்காய் அளவு சுண்ணாம்பை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கித் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் கிண்ணத்தில் இறுத்துக்கொள்ளுங்கள். அதுவும் கண்ணுக்கு ஆகாது, கவனம் வேண்டும். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சோப்புத் தண்ணீரோ ஆப்பசோடா கரைசலோ போதும். சிவப்பு கொஞ்சம் மட்டாக இருக்கும், அவ்வளவுதான்.

இப்போது தெளிநீரில் குச்சியைத் தோய்த்து மஞ்சள் தாளில் வரையச் சொல்லுங்கள். நிறமே இல்லாத தண்ணீர், கோடு போட்ட இடத்தில் செக்கச் செவேலென்று வரும். இன்னொரு குச்சியில் எலுமிச்சைச் சாறு தொட்டு அந்தச் சிவப்பின் மேல் இழுத்தால் கோடு அழிந்து மஞ்சள் திரும்பும். யானைக்குத் தந்தம் தப்பாகப் போனால் அழிக்கலாம், சிவப்பு மயிலுக்கு மஞ்சள் கண் வைக்கலாம். போன மழைக்காலத்தில் கரண்ட் போன ஒரு ராத்திரி, என் பேத்தி இந்தத் தாளோடு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்பாவும் உட்கார்ந்திருந்தார்.

ஏன் சிவக்கிறது? மஞ்சளின் நிறப்பொருளுக்குக் குர்க்குமின் என்று பெயர். 1815இல் வோகல், பெல்லெத்தியே என்ற இருவர் அதைப் பிரித்தெடுத்தார்கள். வெளிச்சத்தில் இருக்கும் ஊதாவையும் நீலத்தையும் குர்க்குமின் விழுங்கிவிடுகிறது. மிச்சம் நம் கண்ணுக்கு வருவது மஞ்சள். சுண்ணாம்பு காரத்தன்மை உடையது. அது பட்டதும் குர்க்குமின் மூலக்கூறின் ஓரத்திலிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனி கழன்றுபோகிறது. கூடத்தின் நடுவே உட்கார்ந்திருந்த தாத்தா திண்ணைக்கு எழுந்து போனதும், மூலையில் ஒடுங்கியிருந்த பிள்ளைகள் நாங்கள் கூடம் முழுக்கப் பரவுவோம். அப்படித்தான் அயனி போன பிறகு அந்த மூலக்கூறின் எலெக்ட்ரான்களும் தாராளமாகப் பரவுகின்றன. அதனால் விழுங்கும் வெளிச்சம் நீலத்திலிருந்து பச்சைப் பக்கம் நகர்கிறது. பச்சையும் போனால் மிஞ்சுவது சிவப்பு. எலுமிச்சையின் அமிலம் கழன்ற ஹைட்ரஜனைத் திருப்பிக் கொடுப்பதால் பழைய மஞ்சள் வந்துவிடுகிறது. வெற்றிலை போடும்போது வாய் சிவப்பதற்கும் பாக்கோடு சேர்ந்த சுண்ணாம்புதான் காரணம். சுண்ணாம்பில்லாமல் எவ்வளவு மென்றாலும் அந்தச் சிவப்பு வராது.

அந்தத் தாளை வெயில் படும் சுவரில் ஒட்டாதீர்கள். குர்க்குமின் வெளிச்சத்தில் வெளுக்கும். காரத்தில் கிடந்தாலும் சிதையும். சிவப்பு சில நாளிலேயே மங்கத் தொடங்கும்.

இந்த இடத்தில் எனக்குத் தஞ்சாவூர் நினைவு வந்துவிடும். 1010இல் கட்டி முடித்த பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றி, இரண்டு சுவர்களுக்கு நடுவே இருண்ட, குறுகலான ஒரு வழி இருக்கிறது. அங்கே நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் சோழர் ஓவியங்கள் ஒளிந்திருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சாந்தை ஆராய்ந்து, ஈரம் காயாத சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே அவற்றைத் தீட்டியிருக்கிறார்கள் என்று சொன்னார். சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குப் போகும் காட்சியும் திரிபுரம் எரித்த காட்சியும் அங்கே இருக்கின்றன.

சோழ ஓவியன் பசை எதுவும் சேர்க்க வேண்டியிருக்கவில்லை. ஈரச் சுண்ணாம்பு காயும்போது காற்றிலிருந்து கரியமில வாயுவை வாங்கிக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகிறது. நிறத்துகள்கள் அந்தக் கல்லுக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. வாசல் தெளித்த ஈரம் உலருமுன் கோலத்தை முடிக்கிற பெண்ணைப் போல, அவனும் சாந்து காய்வதற்குள் வரைந்து முடிக்க வேண்டும். தப்பினால் அழிக்க முடியாது. மஞ்சள் விளைகிற நாட்டில் இருந்தும் அந்தச் சுவருக்கு மஞ்சள் கிழங்கு உதவாது. சுண்ணாம்பில் பட்டால் சிவந்துவிடும், பிறகு வெளுத்தும் போகும். மஞ்சள் காவி, செங்காவி, பச்சை மண், விளக்குக் கரி, சுண்ணாம்பின் வெள்ளை என்று காரத்துக்கு அசையாத நிறங்களையே பிடித்தார்கள். மங்கிப்போன தாளைக் கொண்டுவந்து பிள்ளை ஏன் என்று கேட்டால், இதைச் சொல்லலாம்.

நாம் அந்தச் சுவர்களை வைத்திருக்கும் விதத்தையும் சொல்லத்தான் வேண்டும். பழைய ஓவியம் இருக்கும் கோயில் மண்டபம் எதற்குப் போனாலும், கைக்கு எட்டிய உயரம்வரை ஆணியால் கீறிய பெயர்களைப் பார்க்கிறேன். திருப்பணி என்ற பெயரில் வெள்ளையடித்து மூடிய சுவர்களையும் பார்த்திருக்கிறேன். ஒரு கோடு நிற்பதற்கு எவ்வளவு வேதியியல் வேண்டும் என்று தன் கையால் தெரிந்துகொண்ட பிள்ளை, சுவரில் ஆணியை வைக்காது என்று நம்புகிறேன்.

இன்னும் சில மாலைகளுக்கு வேலை வேண்டுமென்றால், வாழை மட்டையைக் குறுக்கே வெட்டி மையில் தொட்டு ஒற்றுங்கள். உள்ளே இருக்கும் காற்றறைகள் கட்டம் கட்டமாக விழும். வெண்டைக்காய்க் காம்புப் பக்கம் நட்சத்திரமாக விழும். சங்குப்பூவை வெந்நீரில் போட்டால் நீலம், எலுமிச்சை பட்டால் இளஞ்சிவப்பு, சுண்ணாம்பு நீர் பட்டால் பச்சை. கடுக்காய்த் தூள் ஊறிய நீரைத் தாளில் பூசிக் காயவைத்து, அதன் மேல் துரு ஊறிய தண்ணீரால் எழுதினால் கறுப்பு வரும். வெல்லத் தண்ணீரில் இரும்பை ஊறப்போட்டுக் கறுப்பு எடுப்பது கலம்காரிக்காரர்களின் பழைய முறை. 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கருப்பூர் கலம்காரி நமக்குப் பக்கத்திலேயே சிக்கல்நாயக்கன்பேட்டையில் தீட்டப்படுகிறது. கும்பகோணத்தில் எத்தனை வீட்டுப் பிள்ளைகள் அங்கே போய் ஒரு நடை பார்த்திருப்பார்கள்?

வாசகிக்கு ஒரு வேண்டுகோள். பக்கத்தில் உட்காருங்கள், நீங்களும் ஒரு தாள் எடுத்து வரையுங்கள். பிள்ளை வரைந்ததைத் திருத்தாதீர்கள், போட்டிக்கு அனுப்பாதீர்கள். மீன் பறக்கட்டும். கலர் பெட்டி அலமாரிக்குப் போனதற்குக் காரணம், பிள்ளை வரையும்போது வீட்டில் மற்ற எல்லாரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்ததாக இருக்கலாம்.

எல்லாம் முடிந்து எடுத்துவைக்கும்போது மிச்சமான சுண்ணாம்புத் தெளிநீரைக் கொட்டிவிடாதீர்கள். கிண்ணத்தை மூடாமல், பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். பால் ஆடையைப் போல நீரின் மேல் மெல்லிய ஏடு ஒன்று படிந்திருக்கும். ஈர்க்குச்சியால் தொட்டால் நொறுங்கும். காற்றிலிருந்த கரியமில வாயுவைக் குடித்து ராத்திரியில் உண்டான சுண்ணாம்புக் கல் அது. பெரிய கோயில் சுவரில் சுந்தரரைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான்.