பாவைக் கடிகாரம்

பாவைக் கடிகாரம் என்பது நேரத்தை முள்ளால் காட்டுவதோடு, கதவு திறந்து வெளிவரும் பறவை, மனித உருவம் முதலிய சிறு பாவைகளாலும் ஓசையாலும் அறிவிக்கும் இயந்திரக் கடிகாரம் ஆகும். ஜெர்மனியின் குயில் கடிகாரம் இவ்வகையில் உலகெங்கும் பரவிய வடிவம். இந்தியாவில் பலரும் அறிந்தது ஐதராபாத்தின் சாலார் ஜங் அருங்காட்சியகத்தில் உள்ள இசைக் கடிகாரம். பழைய நாணயத்தைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தாலும் அதன் மதிப்பு குறையாது. பாவைக் கடிகாரத்தை நிறுத்தி வைத்தால் அதன் இசையும் அசைவும் மறைந்துவிடும்; ஓடவிட்டால் உறுப்புகள் தேயும். இவ்வகைக் கடிகாரங்களைச் சேகரிப்பவர்கள் எல்லோரும் எதிர்கொள்ளும் சிக்கல் இதுவே.

சாலார் ஜங் இசைக் கடிகாரம்

ஐதராபாத் நிசாம்களிடம் திவான்களாகப் பணியாற்றிய சாலார் ஜங் குடும்பத்தினர் மூன்று தலைமுறைகளாகக் கலைப்பொருள்களைச் சேர்த்தனர். அவற்றில் பெரும்பகுதியைச் சேர்த்தவர் மூன்றாம் சாலார் ஜங் எனப்படும் மீர் யூசுப் அலி கான் (1889–1949). 1912 இல் ஏழாம் நிசாமின் திவானாகப் பொறுப்பேற்ற இவர், 1914 இல் பதவி விலகினார். அதன் பின்னர் சேகரிப்பிலேயே மிகுந்த நாட்டம் கொண்டிருந்தார். திருமணம் செய்துகொள்ளாத இவர் 1949 இல் காலமானார்.

இத்தொகுப்பு 1951 டிசம்பர் 16 அன்று, இவர் வாழ்ந்த திவான் தேவ்டி மாளிகையிலேயே அருங்காட்சியகமாக மாறியது. பிரதமர் ஜவகர்லால் நேரு அதைத் திறந்து வைத்தார். 1961 இல் நாடாளுமன்றச் சட்டத்தின் வழியாக அது தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆனது. 1968 இல் மூசி ஆற்றின் தென்கரையில் உள்ள இன்றைய கட்டடத்துக்கு இடம் மாறியது. அங்குள்ள கடிகாரப் பிரிவில் பிரான்ஸ், இங்கிலாந்து, சுவிட்சர்லாந்து, ஜெர்மனி முதலிய நாடுகளின் கடிகாரங்கள் உள்ளன.

இசைக் கடிகாரம் குக் அண்டு கெல்வி நிறுவனத்தின் பெயரைத் தாங்கியது. கல்கத்தாவில் கடிகாரமும் நகையும் விற்றுவந்த நிறுவனம் அது. ஒவ்வொரு மணிக்கும் சில நிமிடங்கள் முன்னதாக, மேல்பகுதியில் உள்ள கதவு திறந்து தாடி வைத்த காவலர் பாவை வெளியே வரும். மணி நிறைந்ததும் எதிரே தொங்கும் மணியை உரிய எண்ணிக்கையில் அடித்துவிட்டு உள்ளே போகும். மற்றொரு பாவையான கொல்லர், கையிலுள்ள சுத்தியலால் ஒவ்வொரு நொடிக்கும் ஒரு முறை தட்டிக்கொண்டே இருப்பார். கைப்பேசியிலேயே நேரம் பார்க்கும் காலத்திலும், காவலர் மணியடிப்பதைக் காண ஒவ்வொரு மணிக்கும் பார்வையாளர்கள் கூடுகின்றனர். பன்னிரண்டு முறை மணி ஒலிக்கும் நண்பகல் வேளையில் கூட்டம் அதிகம்.

குயில் கடிகாரத்தின் வரலாறு

குயில் கடிகாரத்தின் தாயகம் தென்மேற்கு ஜெர்மனியில் உள்ள கருங்காடு என்னும் மலைப்பகுதி. கூவும் பறவை கொண்ட கடிகாரம் அங்கு தோன்றுவதற்கு முன்பே அறியப்பட்டிருந்தது. 1629 இல் பிலிப் ஹைன்ஹோஃபர் இத்தகைய ஒரு கடிகாரத்தைக் குறிப்பிட்டுள்ளார். 1650 இல் அத்தனாசியுஸ் கிர்ச்சர் தம் இசை நூலில் இயந்திரக் குயிலின் அமைப்பை விளக்கினார். கருங்காட்டில் இதன் உற்பத்தி 18 ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. ஷோன்வால்ட் ஊரைச் சேர்ந்த பிரான்ஸ் கெட்டரர் இதைக் கண்டுபிடித்ததாகப் பரவலாகச் சொல்லப்பட்டாலும் அதற்கு உறுதியான சான்று இல்லை.

இன்று நாம் காணும் கூரை வீட்டு வடிவம் 1850 இல் உருவானது. அந்த ஆண்டு ஃபுர்ட்வாங்கன் ஊரில் தொடங்கப்பட்ட கடிகாரப் பள்ளியின் தலைவர் ராபர்ட் கெர்விக், புதிய கடிகார வடிவங்களுக்கான போட்டியை அறிவித்தார. கட்டடக் கலைஞர் பிரீட்ரிக் ஐசன்லோர் இருப்புப்பாதைக் காவலரின் சிறு வீட்டை மாதிரியாகக் கொண்டு ஒரு முகப்பை வரைந்து அனுப்பினார். பின்னர் அதன்மேல் இலை, கொடி, பறவை, வேட்டைக் காட்சி ஆகிய மரச் செதுக்கல்கள் சேர்ந்தன. எடைகள் ஊசியிலை மரக் காயின் வடிவம் பெற்றன.

தமிழில் குயில் கடிகாரம் என்று சொன்னாலும் அதில் கூவுவது நம் ஊர்க் குயில் அன்று. காக்கைக் கூட்டில் முட்டையிடும் நம் குயிலுக்கு உறவான ஐரோப்பியக் குக்கூப் பறவை அது. நம் குயிலின் கூவல் படிப்படியாக மேலேறும். குக்கூவின் கூவல் மேலிருந்து கீழிறங்கும் இரண்டு சுரங்களால் ஆனது.

இயங்கும் முறை

சாதாரணக் குயில் கடிகாரத்தில் இரண்டு சங்கிலிகளும் இரண்டு எடைகளும் இருக்கும். ஓர் எடை கீழிறங்கி நேரம் காட்டும் பற்சக்கரங்களை ஓட்டும். ஊசல் அதன் வேகத்தைச் சீராக வைக்கும். மற்றோர் எடை கூவல் பகுதிக்கு விசை தரும். மணி நிறைந்ததும் கதவு திறந்து பறவை முன்னே வரும். அதே வேளையில் இரண்டு சிறு துருத்திகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தூக்கி விடப்படும். அவற்றின் காற்று இரண்டு மரக்குழல்களில் புகுந்து கூவலாக ஒலிக்கும்.

இசையும் சேர்ந்த கடிகாரத்தில் மூன்றாவது எடை ஒன்று உண்டு. கூவல் முடிந்தபின் அது இசைப்பெட்டியை ஓட்டும். அதில் சிறு முட்கள் பதித்த உருளை சுழன்று, எஃகுச் சீப்பின் பற்களை மீட்டும். அந்த ஓட்டத்தோடு இணைந்து நடனமாடும் இணைகள் சுற்றும், நீர்ச்சக்கரம் உருளும். மரம் வெட்டுபவர் கோடரியை ஓங்குவது போன்ற அசைவுகளும் உண்டு. எடைகளை நாள்தோறும் ஏற்ற வேண்டியவை ஒருநாள் கடிகாரங்கள்; வாரம் ஒரு முறை ஏற்றினால் போதுமானவை எட்டுநாள் கடிகாரங்கள்.

சேகரிப்பவர்கள் கவனிப்பவை

வெளிச் செதுக்கலை மட்டும் பார்த்து வாங்குபவர் ஏமாறக்கூடும். மின்கலத்தில் ஓடும் கடிகாரங்களிலும் இதே முகப்பு உண்டு. அவற்றில் தொங்கும் எடைகள் வெறும் அலங்காரம், கூவல் ஒலிப்பதிவு. எனவே உள்ளிருக்கும் பொறி, துருத்தி, குழல் ஆகியவை தொடக்கத்திலிருந்தே அதனுடன் இருந்தவையா என்பதையே முதலில் பார்ப்பர். முட்களும் எண்களும் எலும்பால் ஆனவை என்றால் பழமைக்கு ஒரு குறிப்பு. பிளாஸ்டிக் என்றால் பிற்காலத்தது அல்லது மாற்றப்பட்டது.

இசையும் காலத்தைக் காட்டிக்கொடுக்கும். பல கடிகாரங்களில் ஒலிக்கும் எடல்வைஸ் என்ற பாடல், 1959 இல் அரங்கேறிய சவுண்ட் ஆஃப் மியூசிக் இசை நாடகத்துக்காக எழுதப்பட்டது. அப்பாடலை இசைக்கும் ஒரு கடிகாரத்தை 19 ஆம் நூற்றாண்டினது என்று விற்றால், பெட்டி பழையதாகவே இருந்தாலும் இசைப்பெட்டியாவது பின்னர் பொருத்தப்பட்டது என்று துணியலாம். புதிதாகச் செய்யப்படும் இயந்திரக் கடிகாரங்களுக்குக் கருங்காட்டுக் கடிகாரச் சங்கம் சான்றிதழ் வழங்குகிறது.

பராமரிப்பு

தமிழ்நாடு போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடங்களில் மரப்பெட்டி விரிந்து சுருங்கும், கறையான் தாக்கலாம். காற்று கசியும் துருத்தியால் கூவல் தேய்ந்து, பறவை ஓசையின்றித் தலையாட்டிவிட்டுப் போகும். தூசி கலந்த பழைய எண்ணெய் பற்சக்கர அச்சுகளை அராவும். அதன்மேல் புது எண்ணெய் விடுவது தேய்மானத்தைக் கூட்டும் என்பதால், பொறியைக் கழற்றித் துடைத்த பின்னரே எண்ணெய் இடுவர். நேரம் திருத்தும்போது நிமிட முள்ளைப் பின்னோக்கித் திருப்பாமல் முன்னோக்கி நகர்த்தி, ஒவ்வொரு கூவலும் முடியும் வரை காத்திருப்பது வழக்கம்.

ஓடவிடுவதா நிறுத்துவதா என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. உதிரி உறுப்பு செய்து பொருத்தத் தெரிந்த கைவினைஞர் இருக்கும் வரை, ஓடும் கடிகாரத்தின் தேய்மானத்தைச் சரிசெய்ய முடியும். ஆகவே கடிகாரத்தோடு பழுதுபார்க்கும் தொழிலறிவும் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர வேண்டியுள்ளது.