சிகிச்சை ஏற்பும் அதனை அளத்தலும்

புற்றுநோயாளர் ஒருவர் குறித்த தினங்களில் வைத்தியசாலைக்குச் சமுகமளித்தமையைக் கொண்டு, அவர் தமது சிகிச்சையை ஏற்றுக்கொண்டார் என முடிவுசெய்தல் பொதுவழக்காகும். ஆயின் வரவுப் பதிவேடு காட்டுவது இணக்கத்தையே, ஏற்பை அன்று. இவ்விரண்டையும் வேறுபடுத்தி நோக்குதல் அவசியமாகும்.

நோயாளரின் நிலையை எண்ணாற் குறிக்கும் முயற்சி புதியதன்று. 1949 இல் வெளியான கர்னோவ்ஸ்கி அளவுகோல் 0 முதல் 100 வரை புள்ளியிட்டது, புள்ளியிட்டவரோ வைத்தியர். 1993 இல் ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வமைப்பு வெளியிட்ட 30 வினாக்கள் கொண்ட வினாக்கொத்து, களைப்பு, நோவு, நித்திரை, குடும்ப வாழ்வு, பணநெருக்கடி ஆகியனபற்றி நோயாளரையே வினவியது. எனினும், அது அளந்தது வாழ்க்கைத் தரத்தையே. 2017 இல் செக்கோனும் சகாக்களும் ஏற்புடைமையை ஏழு கூறுகளாக வகுத்தனர். சிகிச்சைபற்றிய உணர்வு, அதன் சுமை, விழுமியங்களோடு அதன் பொருத்தம், அது செயற்படும் விதம்பற்றிய தெளிவு, அதற்காக இழப்பவை, பயன்தரும் என்னும் நம்பிக்கை, தம்மால் இயலும் என்னும் துணிவு என்பன அவை.

இவற்றுள் ‘இழப்பவை’ என்பது எம் சூழலில் தனிக்கவனத்துக்குரியது. கொழும்புத்துறைக் கடற்றொழிலாளர் ஒருவருக்கு வாய்ப்புற்றுநோய் கண்டுள்ளது எனக் கொள்வோம். இந்நோய்க்கான கதிர்ச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்துக்கு ஐந்து நாளாக ஆறு, ஏழு வாரங்கள் நீடிப்பது. முன்னர் மகரகமைக்குப் பயணித்தோருடன் ஒப்பிடின், தெல்லிப்பழை அண்மையே. அங்குள்ள புற்றுநோய் வைத்தியசாலைக்கென 2011 இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறைவரை நடந்து மக்கள் நிதி திரட்டினர். ஆயினும், தொழிலுக்குச் செல்லாத ஒவ்வொரு நாளும் வருவாயற்ற நாளே. அவர் சிகிச்சையை இடைநிறுத்தின் அதனை அறியாமை எனக் கூறல் எளிது. உண்மையில் அது அடுப்பெரியாமையாக இருக்கலாம்.

வினவும் முறையும் விடையைத் தீர்மானிக்கின்றது. வைத்தியர் முன்னிலையில் “ஓம் ஐயா” என்பது மரியாதையின் மொழி, சம்மதத்தின் சான்றன்று. நோயின் பெயரையே குடும்பத்தினர் மறைத்துவிடும்போது, சிகிச்சைபற்றிய தெளிவை அவரிடம் எங்ஙனம் அளப்பது? எனவே வினாக்கள் மொழிபெயர்ப்புத் தமிழில் அமையாது, மக்கள் நோவைச் சொல்லும் தமிழில் அமைதல் வேண்டும். சிகிச்சையளிப்பவர் அல்லாதார் அவற்றை வினவுதலும் வேண்டும்.

அளவீட்டின் நோக்கம் நோயாளரைத் தரப்படுத்துவதன்று. குறைந்த புள்ளி நோயாளரின் தோல்வியைக் காட்டுவதன்று. போக்குவரத்து, நிவாரணம், விளக்கம் ஆகியவற்றிற் சமூகம் ஆற்றத் தவறிய கடமையையே அது காட்டுகின்றது என்பது எமது துணிபு.