சிக்னல் ஃபுல், நெட் இல்லை

தேநீர் ஆறுவதற்குள் ஒரு படத்தின் பின்னாலேயே நடந்து பார்ப்போம். காலாப்பட்டில் கடலோரமாக விரிந்திருக்கும் புதுவைப் பல்கலைக்கழகம் போன்ற ஒரு வளாகம். விடுதியிலிருந்து ஒரு மாணவி 3 எம்.பி. படம் ஒன்றை அனுப்புகிறாள்.

படம் முழுசாகப் போவதில்லை. சுமார் 1,500 பைட் கொண்ட துண்டுகளாக நறுக்கப்படுகிறது. இரண்டாயிரத்துக்கும் மேல் வரும். இவைதான் பாக்கெட்டுகள். வீடு மாற்றும்போது ஒவ்வொரு பெட்டியிலும் முகவரியும் எண்ணும் எழுதி, தனித்தனி வண்டியில் ஏற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த வண்டி முந்தினாலும் எண்ணைப் பார்த்து அடுக்கிவிடலாம். ஒன்று தொலைந்தால் அதை மட்டும் திரும்ப அனுப்பச் சொல்லலாம். இந்த முறையை 1970-களில் சிக்லாட் என்ற வலையமைப்பில் நடத்திக் காட்டியவர் லூயி பூசான் என்ற பிரெஞ்சுக்காரர். புதுவையின் வீதிப் பலகைகளில் தினமும் பிரெஞ்சுப் பெயர்களைப் படிக்கிற நாம் அவர் பெயரையும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

போனிலிருந்து கிளம்பும் பாக்கெட், நடைக்கூரையில் மாட்டிய வைஃபை பெட்டிக்கு ரேடியோ அலையாகத் தாவுகிறது. வைஃபையின் வேலை அந்தச் சில அடிகளோடு முடிந்தது. அங்கிருந்து கம்பி வழியாக, கட்டடத்தின் கம்பிகளை இணைக்கும் சுவிட்சுக்கு. பிறகு மண்ணுக்கடியில் கண்ணாடி இழையில், நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கி.மீ. வேகத்தில் ஒளியாக, கணினி மையத்துக்கு. அங்குள்ள ரௌட்டர் முகவரியைப் பார்த்து அடுத்த வழியைக் காட்டும். நாட்டின் பல்கலைக்கழகங்களையும் ஆய்வுக்கூடங்களையும் இணைக்கும் தேசிய அறிவு வலையமைப்புக்கு 2010-இல் மத்திய அரசு ஒப்புதல் தந்ததே இப்படி வெளியே போகும் பாதைக்காகத்தான்.

இப்போது எல்லோரும் கேட்கும் கேள்விக்கு வருவோம். "சிக்னல் ஃபுல்லா காட்டுது, நெட் ஏன் வரலை?"

ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்வோம். போனில் தெரியும் சிக்னல் கோடுகள் சொல்வது, மாஸ்டரின் குரல் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது என்பதை மட்டுமே. நமக்கு முன்னால் எத்தனை பேர் டீக்கு நிற்கிறார்கள், பாண்லே பால் வந்துவிட்டதா என்பதையெல்லாம் அவை சொல்லாது. ஒரே அலைவரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஒருவர் மாற்றி ஒருவராகத்தான் பேச முடியும். இரவு ஒன்பது மணிக்கு விடுதியே வீடியோ பார்த்தால், கோடு குறையாது. முறை வரத்தான் நேரமாகும். வெளியே போகும் இழை அறுந்துபோனாலும் கோடுகள் அப்படியே நிற்கும்.

அடுத்த முறை நெட் நின்றால், பல்கலைக்கழகத்தின் உள் சர்வரில் இருக்கும் பக்கம் ஒன்றைத் திறந்து பாருங்கள். அது திறந்தால், கோளாறு பெரும்பாலும் வெளிப்பாதையில். அதுவும் திறக்காவிட்டால் கம்பியில் இணைத்த கணினியில் முயலுங்கள். அங்கே வந்தால் கோளாறு பெரும்பாலும் உங்கள் தலைக்கு மேலுள்ள வைஃபை பெட்டியில். கணினி மையத்தில் புகார் சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.