பங்கு எங்கிருந்து புதிதாகிறது?



1818ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அருள்பணி ஜான் மரிய வியான்னி அனுப்பப்பட்டார். அங்கு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 230 பேர். இறைப்பற்று குளிர்ந்துபோயிருந்த ஊர் அது. அவர் மக்களைக் கடிந்துகொள்வதோடு நிற்கவில்லை. நற்கருணைப் பேழைமுன் முழந்தாளிட்டார்; அவர்களுக்காகத் தாமே நோன்பிருந்தார். பின்னாளில் நாள்தோறும் பத்து மணி நேரத்துக்கும் மேலாக ஒப்புரவு அருளடையாளம் வழங்கினார். ஊர் மாறியது.

ஆலயத்துக்கு வண்ணம் பூசுவதும் கொடிமரத்தைப் புதுப்பிப்பதும் நல்லதே. ஆனால் பங்கு புதிதாவது மனமாற்றத்தில்தான்.

மனமாற்றத்துக்கு மூன்று படிகளைத் திருஅவை கற்பிக்கிறது: பாவத்துக்காக மனம் வருந்துதல், அதை அறிக்கையிடுதல், பரிகாரம் செய்தல். மூன்றாவதில்தான் நாம் பெரும்பாலும் தடுமாறுகிறோம். சக்கேயு மனம் வருந்துவதோடு நிறுத்திக்கொள்ளவில்லை. ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார் (லூக் 19:8).

நம் பங்கிலும் இப்படித்தான். வரப்புத் தகராறில் பேச்சை நிறுத்திய அண்ணன் தம்பி, ஒரே ஆலயத்தில் இருவேறு பக்கம் அமர்கிறார்கள். திருவிழாக் கணக்கில் எழுந்த கசப்பு அன்பியத்தையே பிரித்துவிடுகிறது. ‘சமாதானம்’ என்று கைகூப்புகிறோம், அவர் இருக்கும் பக்கம் மட்டும் திரும்புவதில்லை. காணிக்கையைப் பீடத்தின்முன் வைத்துவிட்டு, முதலில் போய் நல்லுறவு ஏற்படுத்திக்கொள்ளச் சொன்னவர் ஆண்டவர் அல்லவா (மத் 5:23-24)?

இந்தத் தவக்காலத்தில் ஒப்புரவு அருளடையாளம் பெறச் செல்லுமுன், ஒரு வீட்டு வாசலுக்குச் சென்று வருவோம். மீதியை இறைவன் பார்த்துக்கொள்வார். ஆமென்.